பூட்டனாருக்கு யார் படியளந்தார்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வீட்டுப் பெட்டகங்களில் கிடக்கும் பழைய காகிதங்களைப் பேணுவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பல, திருகோணமலைக் கப்பல்துறையிலும் கடற்படையிலும் வேலை செய்த சாதாரண ஆங்கிலேயத் தொழிலாளரின் வழியில் வந்தவர்களும், அத்தகைய குடும்பங்களோடு பிற்காலத்தில் உறவு கொண்டவர்களும் எழுதியவை. ஆகவே இம்மாதப் பகுதியை அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் அம்மம்மா 1903ஆம் ஆண்டு திருகோணமலையில் பிறந்தவர். அவருடைய ஞானஸ்நானப் பத்திரத்தில் தகப்பனாரின் தொழில் ‘பொயிலர் மேக்கர்’ (கொதிகலன் செய்பவர்) என்றும் இருப்பிடம் ‘டொக்யார்ட்’ என்றும் எழுதியிருக்கிறது. பூட்டனார் போர்ட்ஸ்மவுத்திலிருந்து வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். அந்நகர ஸ்ரூடியோ ஒன்றின் முத்திரை பொறித்த புகைப்படமும் இருக்கிறது. வேறெதுவும் இல்லை. அவருக்கு முந்திய தலைமுறைகளை இங்கிருந்தபடியே கண்டுபிடிக்க முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாலையூற்று.

பதில்: முடியும். உங்கள் கையிலுள்ளவற்றில் பெறுமதி கூடியது பூட்டனாரின் பெயருமன்று, புகைப்படமுமன்று. அவருடைய தொழிலைச் சொல்லும் அந்த ஒரு சொல்தான். நிலபுலம் உள்ள குடும்பம் உறுதிகளிலும் மரணசாசனங்களிலும் தன்னைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும். கூலிக்கு உழைத்த குடும்பத்தையோ பிறர்தாம் எழுதி வைத்திருப்பார்கள்: சம்பளம் கொடுத்தவர், தலை எண்ணியவர், பஞ்சம் வந்த காலத்தில் உதவிப்பணம் கொடுத்தவர், கொடுக்க மனமில்லாமல் ஊரைவிட்டு அனுப்பியவர். ஆகையால் ‘இவர் யார்’ என்று தேடுவதற்கு முன், ‘இவருக்கு யார் படியளந்தார்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள்; எந்த அலுவலகத்தின் கதவைத் தட்ட வேண்டும் என்பது அப்போது தானாகவே தெரியவரும்.

இலண்டனுக்கு எழுதுவதற்கு முன் ஊரிலேயே செய்ய வேண்டியவை இருக்கின்றன. உங்களிடம் இருப்பது பதிவேட்டிலிருந்து எடுத்த பிரதி மட்டுமே. அந்தத் திருச்சபையின் மூலப்பதிவேட்டைக் காண அனுமதி பெற்று, அம்மம்மாவின் பதிவுக்கு முன்னும் பின்னும் பத்து ஆண்டுகளைப் புரட்டிப் பாருங்கள். உடன்பிறந்தார் இருந்தால் அவர்களுடைய பதிவில் தகப்பனாரின் தொழில் வேறு சொல்லால் எழுதப்பட்டிருக்கலாம். ஞானப்பெற்றோராக நின்றவர்களும் பெரும்பாலும் அதே தொழிற்சாலையில் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களாகவே இருப்பார்கள். பூட்டனாரும் பூட்டியாரும் இங்கு மணம் செய்திருந்தால் விவாகப் பதிவு எல்லாவற்றிலும் மேலானது, ஏனெனில் அதில் மணமகனின் தந்தை பெயரும் இருக்கும். ஒரே தாளில் ஒரு தலைமுறை மேலே ஏறிவிடலாம். சென் ஸ்டீபன் சவக்காலையையும் ஒருமுறை நடந்து பாருங்கள், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 1852இல் பர்மாவில் இறந்த ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்ரினின் கல்லறையை அங்கே காணலாம். நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி அவர். சிவில் சேவை அதிகாரி பென்றி லூயிஸ் இலங்கையிலுள்ள கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1913இல் வெளியிட்ட பட்டியலும் பெரிதும் அத்தகைய அதிகாரிகளையும் அவர்கள் குடும்பங்களையுமே காட்டும். பொயிலர் அடித்தவருக்குக் கல் வைக்க எவரிடம் பணம் இருந்தது? மரச்சிலுவை நம்மூர்க் கறையானுக்குத்தான் மிஞ்சும்.

அடுத்து ஒரு கேள்வியைத் தீர்க்க வேண்டும்: அவர் கடற்படையில் சேர்ந்த பொயிலர் மேக்கரா, அல்லது கடற்படைச் சீருடை அணியாமல் கப்பல்துறையில் சம்பளத்துக்கு வேலை செய்த குடிமகனா? இரண்டுக்கும் பாதை வெவ்வேறு. கடற்படையில் சேர்ந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். 1853இல் நிரந்தரச் சேவை முறை வந்தபின் ஒவ்வொரு மாலுமிக்கும் ஓர் இலக்கம் கொடுக்கப்பட்டது. 1873 முதல் சேர்ந்தவர்களின் சேவை ஏடுகள் இலண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏடிஎம் 188’ என்ற தொடரில் இருக்கின்றன, இணையத்திலும் பெயரிட்டுத் தேடலாம். பிறந்த நாள், பிறந்த ஊர், சேருமுன் செய்த தொழில், பணியாற்றிய கப்பல்கள் ஆகியவற்றோடு உயரம், கண்ணின் நிறம், கையில் குத்திய பச்சை வரை அதில் எழுதியிருப்பார்கள். குடும்பத்தில் எவருக்கும் ஞாபகமில்லாத ஒரு மனிதரின் கைப்பச்சை அரசாங்க ஏட்டில் இருப்பது விசித்திரந்தான். கப்பல்துறைக் குடிமகனாக இருந்தால் வேலை சற்றுக் கடினம். அரச கப்பல்துறைகளில் ஓய்வூதிய உரிமையுள்ள நிரந்தர வேலையாள், தேவைப்படும்போது எடுத்து நிறுத்தும் கூலியாள் என்று இரு வகையினர் இருந்தார்கள்; முன்னவர் ஓய்வூதியக் கோவைகளில் அகப்படுவார், பின்னவர் பெரும்பாலும் குடிசன மதிப்பீட்டில்தான் அகப்படுவார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தனியார் கப்பல் கட்டும் தளங்களில், குறிப்பாக டைன், கிளைட் ஆற்றங்கரைகளில், ‘பொயிலர் மேக்கர்’ என்பவர் கப்பலின் இரும்பு உடலையே தகடு தகடாகத் தறைந்து கட்டினார். அரச கப்பல்துறைகளிலோ, 1860களில் சதாம் துறையில் அக்கிலிஸ் என்ற முதல் இரும்புக் கப்பலைக் கட்டியபோது ஏற்பட்ட தகராறின் பின், அந்த வேலை மரவேலை அறிந்த கப்பல் தச்சர்களிடமே போயிற்று. பொயிலர் மேக்கர் கொதிகலனோடு நின்றுகொண்டார். ஆகவே உங்கள் பூட்டனாரின் தகப்பனும் அதே தொழிலைச் செய்தவராகத் தெரியவந்தால், குடும்பம் போர்ட்ஸ்மவுத்துக்குள்ளேயே வளர்ந்ததா, வடக்கேயுள்ள தனியார் தளத்திலிருந்து வந்து சேர்ந்ததா என்று தேடிப்பார்ப்பது பயனுள்ளது. புகைப்படத்திலுள்ள முத்திரை அவர் அந்நகரத்தில் படம் பிடித்தார் என்பதை மட்டுமே சொல்லும். கப்பலேறுவதற்கு முதல்நாள் படம் பிடிக்காத மாலுமி உண்டா?

இங்கிலாந்துப் பக்கம் போகும்போது பலர் முதலில் விழும் குழி, இந்திய அலுவலக ஆவணங்கள். பிரித்தானிய நூலகத்திலுள்ள அந்தப் பெருந்தொகுதி கிழக்கிந்தியக் கம்பனியும் அதன் பின்வந்த இந்திய அலுவலகமும் ஆண்ட பகுதிகளுக்கு உரியது. இலங்கை 1802இலேயே முடிக்குரிய குடியேற்றநாடாகிவிட்டது. ஆகவே நம் ஊர்ச் செய்திகளைக் கியூவிலுள்ள குடியேற்றநாட்டு அலுவலகக் கோவைகளிலும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலுந்தான் தேட வேண்டும். இங்கிருந்த படைவீரர் குடும்பங்களின் பிறப்பு, விவாகம், மரணம் பற்றிய இராணுவக் குருமாரின் அறிக்கைகள் இங்கிலாந்தின் பொதுப் பதிவாளர் அலுவலகத்தில் தனியாக இருக்கின்றன.

பூட்டனாரின் பிறந்த ஆண்டும் ஊரும் ஓரளவு தெரிந்துவிட்டால் பாதை நேராகும். இங்கிலாந்திலும் வேல்சிலும் 1837 ஜூலை 1 முதல் பிறப்பு, விவாகம், மரணம் மூன்றும் அரசால் பதியப்படுகின்றன. காலாண்டு வாரியாக உள்ள அட்டவணையில் பெயரைப் பிடித்து, பாக எண்ணையும் பக்க எண்ணையும் கொடுத்து அத்தாட்சிப்பத்திரத்தை இணையவழியே பெறலாம். பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் உண்டு. ஆகவே டிசம்பரில் பிறந்த பிள்ளை அடுத்த ஆண்டின் மார்ச் காலாண்டில் நிற்கக்கூடும். 1875க்கு முன் பதியத் தவறிய பெற்றோருக்குத் தண்டம் இல்லாததால், அட்டவணையில் இல்லாத பிள்ளைகளும் உண்டு. பிறப்புப் பத்திரம் தாயாரின் கன்னிப்பெயரைத் தரும்; அதைக் கொண்டு பெற்றோரின் விவாகத்தைத் தேடலாம்; விவாகப் பத்திரம் இரு சம்பந்திமாரின் பெயரையும் தொழிலையும் தரும். கையொப்பமிடத் தெரியாதவர் புள்ளடி இட்டிருப்பார். இப்படிப் பிறப்பிலிருந்து விவாகத்துக்கும், விவாகத்திலிருந்து முந்திய பிறப்புக்குமாகக் காகிதத்தைக் காகிதத்தோடு முடிந்துகொண்டு போக வேண்டும். இடையில் ஒரு முடிச்சையும் தாவக்கூடாது.

குடிசன மதிப்பீடு 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்தாலும், ஆட்களின் பெயர்கள் நாடு முழுவதற்கும் ஒழுங்காகக் கிடைப்பது 1841இலிருந்துதான். அவ்வாண்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். பிறந்த ஊரின் பெயரும், வீட்டுத் தலைவருக்கு என்ன முறை என்பதும் 1851இல்தான் வருகின்றன. ஆகவே உங்கள் மூதாதையரில் எவர் 1851 வரை உயிரோடிருந்தாரோ அவரே குடும்பத்தைக் கிராமத்தோடு இணைக்கும் பாலம். போர்ட்ஸ்மவுத் கப்பல்துறை 1860களின் பிற்பகுதியிலிருந்து பெரிதாக விரிவாக்கப்பட்டது. அந்நகரின் தெருக்களில் அன்று குடியிருந்தவர்களின் பிறந்த ஊர்களைப் பார்த்தால் ஹாம்ப்ஷயர், சசெக்ஸ், டோர்செற் கிராமங்கள் வரிசையாக வரும். 1911 மதிப்பீட்டில் வெளிநாடுகளிலிருந்த படைமுகாம்களும் கடற்படைக் கப்பல்களும் அடங்கும். அதற்கடுத்த 1921 மதிப்பீடு 2022இல் திறக்கப்பட்டது. 1931 ஏடுகள் 1942இல் தீயில் அழிந்தன. 1941இல் போரினால் மதிப்பீடே நடக்கவில்லை. 1939 செப்டெம்பர் 29இல் எடுத்த தேசியப் பதிவேடு அந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்பும்.

1837க்கு முன்னே கோயிற்பற்றுப் பதிவேடுகள்தாம். அவை 1538இல் இட்ட கட்டளையிலிருந்து தொடங்கினாலும், தொழிலாளர் குடும்பத்துக்கு உண்மையில் உதவுபவை 1813க்குப் பிந்தியவை. அவ்வாண்டு முதல் அச்சிட்ட படிவம் வந்து, ஞானஸ்நானப் பதிவில் தகப்பனின் தொழிலுக்கென்றே ஒரு நிரல் ஏற்பட்டது. அதற்கு முந்திய காலத்தில் ஏழையின் சரித்திரத்தை வேறெதையும்விட நன்றாகச் சொல்பவை வறியோர் சட்டக் காகிதங்கள். 1662ஆம் ஆண்டுச் சட்டப்படி, உதவி கேட்கும் ஒருவருக்கு எந்தக் கோயிற்பற்று படியளக்க வேண்டும் என்பதை முதலில் தீர்க்க வேண்டியிருந்தது. அதற்காக அவரை நீதவான்கள் முன் நிறுத்தி, எங்கே பிறந்தாய், எவரிடம் தொழில் பழகினாய், எந்தப் பண்ணையில் முழு ஓராண்டு வேலை செய்தாய், என்ன வாடகை கொடுத்தாய் என்று கேட்டு எழுதினார்கள். முழு ஓராண்டு வேலைக்கு நின்றவருக்கு அவ்வூரில் உரிமை வந்துவிடும் என்பதால், 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுத்த பண்ணைக்காரரும் இருந்தார்கள். தன் பெயரை எழுதத் தெரியாத ஒரு பண்ணைக் கூலியாளின் வாழ்க்கை வரலாறு, பணம் கொடுக்க மனமில்லாதவர்களின் கையெழுத்தில் இன்றும் அந்தந்த மாவட்ட ஆவணக் காப்பகங்களில் கிடக்கிறது.

ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விட்டால் தவறாகும். நண்பர் ஒருவருக்காக இப்படித் தேடியபோது, பெயரும் கிராமமும் ஆண்டும் பொருந்திய ஒரு ஞானஸ்நானப் பதிவை நான் மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டேன். ஓராண்டு கழித்து அடக்கப் பதிவேட்டைப் பார்த்தபோது அந்தக் குழந்தை இரண்டு வயதிலேயே இறந்திருந்தது. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்துப் பிறந்த பிள்ளைக்கே வைப்பது அக்காலத்து ஆங்கிலேயக் குடும்பங்களில் வழக்கம். நாம் பாட்டனின் பெயரைச் சுமப்பதால் பெயரனை ‘பேரன்’ என்கிறோம். அவர்களோ இறந்த தமையனின் பெயரைத் தம்பிக்குச் சுமத்தினார்கள். எனவே ஞானஸ்நானத்தைக் கண்டவுடன் அதே பெயரில் அடக்கம் உண்டா என்றும் பாருங்கள். பெயரைத் தவிர வேறு இரண்டு சாட்சிகள், தொழிலோ முகவரியோ மனைவியின் பெயரோ, பொருந்தாமல் எவரையும் குடும்பத்தில் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, கேட்காமலே ஒன்று சொல்கிறேன். கடற்படைச் செலவைச் சுருக்கிய காலத்தில், 1905ஐ ஒட்டி, இங்குள்ள கப்பல்துறையை மூடினார்கள். உங்கள் பூட்டனார் அதன்பின் எங்கே போனார் என்பதற்கு 1911 மதிப்பீடு விடை தரக்கூடும். அவ்விடையில் இங்கிலாந்தில் ஒரு மனைவியும் பிள்ளைகளும் இருக்கவுங்கூடும். அந்த ஆண்டுப் படிவம் மணமாகி எத்தனை ஆண்டு, பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்போர் எத்தனை, இறந்தோர் எத்தனை என்று கேட்டது. அதை வாசிக்கும்போது வீட்டில் வயதானவர்கள் அருகில் இருந்தால், முதலில் நீங்கள் தனியே வாசித்துவிடுங்கள்.

கேள்வி: 1851 மதிப்பீட்டில் என் மூதாதையர் பன்னிரண்டு வயதில் வீட்டுத் தலைவரின் ‘சன் இன் லோ’ என்று காட்டப்பட்டுள்ளார். பன்னிரண்டு வயது மருமகனா?
– ஆசிரியர் ஒருவர், ஓர்ஸ்ஹில்.

பதில்: மருமகனன்று, மனைவியின் முந்திய மணத்துப் பிள்ளை. அக்கால ஆங்கிலத்தில் மாற்றான் பிள்ளையையும் மகளின் கணவனையும் அதே சொல்லால் குறித்தார்கள்; மாற்றாந்தாயும் மாமியாரும் அவ்வாறே ஒரு சொல்லுக்குள் நின்றார்கள். இதை நாம் வேடிக்கையாகப் பார்க்க வேண்டியதில்லை. நம் மொழியில் மருமகன் என்றால் மகளின் கணவனும் ஆவார், சகோதரியின் மகனும் ஆவார். வெளியார் ஒருவர் நம் விவாகப் பதிவுகளை வாசித்தால் அவரும் இப்படித்தான் தடுமாறுவார். உங்களுக்குக் கிடைத்திருப்பது நல்ல செய்தி: வீட்டுத் தலைவரின் குடும்பப்பெயர் பையனின் பெயரோடு பொருந்தாததால் இதுவரை நீங்கள் தேடியும் கிடைக்காத தாயார் அந்த வீட்டிலேயே இருக்கிறார். 1839க்கும் 1851க்கும் இடையில் விதவை ஒருவரின் மறுமணத்தைத் தேடுங்கள். ஆங்கிலேயக் குடும்பப்பெயர் தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருவது, தகப்பன் பெயரை முதலெழுத்தாக்கி ஒவ்வொரு தலைமுறையிலும் மாற்றிக்கொள்ளும் நமக்குத் தேடுவதற்கு இலகுவாகத் தோன்றும். ஆனால் பெண்கள் மணத்தோடு அந்தப் பெயரைவிட்டுப் போய்விடுவதால், இரண்டாவது மணத்தில் அவர்கள் ஏட்டிலிருந்தே மறைந்ததுபோல ஆகிவிடுகிறார்கள். இதே காரணத்தால், வீட்டில் ‘விசிற்றர்’ (விருந்தினர்), ‘லொட்ஜர்’ (வாடகைக்கு இருப்பவர்) என்று எழுதப்பட்ட முதியவரைக் கடந்து போகாதீர்கள். பல வேளைகளில் அவர் மனைவியின் தகப்பனாராகவோ தமையனாராகவோ இருப்பார்.

கேள்வி: என் தாத்தாவின் தாத்தா, ஆங்கிலேய மாலுமி, 1860களில் ‘திரிங்கோமலி’யில் இருந்ததாகச் சேவை ஏடு சொல்கிறது. ஆனால் அதே ஆண்டில் அவர் இங்கிலாந்தில் மணம் செய்திருக்கிறார். எது பிழை?
– வாசகர், உப்புவெளி.

பதில்: இரண்டும் சரி. உங்கள் ஏட்டிலுள்ள ‘திரிங்கோமலி’ நம் ஊரன்று, கப்பல். நம் ஊரின் பெயரில் 1817ஆம் ஆண்டு பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய போர்க்கப்பல் அது. 1860களில் இங்கிலாந்துத் துறைமுகத்தில் கடற்படையின் சேமப்படையினருக்குப் பயிற்சிக் கப்பலாக நின்றது. இன்றும் வட இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அழியாமல் இருக்கிறது. ஊரின் பெயரைத் தாங்கிய கப்பல் ஊரைவிட நன்றாகப் பேணப்படுகிறது என்று நம்மவர் ஒருவர் பெருமூச்சு விட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

இதன் மறுபுறமும் உண்டு, அதுவும் உங்களுக்குப் பயன்படக்கூடும். கடற்படை தன் தரைத்தளங்களுக்கும் கப்பற் பெயரே வைக்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஏட்டில் ‘ஹைபிளையர்’ என்றிருந்தால் அது திருகோணமலைத் தரைத்தளம். ‘பம்பாரா’ என்றிருந்தால் அது சீனக்குடாவிலிருந்த கடற்படை விமானத்தளம். அந்த மாலுமி கடலில் கால் வைக்காமலே இங்கு இரண்டாண்டு இருந்திருப்பார். உங்கள் ஊரிலேயே, நிலாவெளி வீதியிலுள்ள யுத்த மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டோரின் பதிவுகளைப் பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழு இணையத்தில் வைத்திருக்கிறது. பல பெயர்களுக்கு எதிரே பெற்றோரின் பெயரும் அவர்கள் இருந்த ஊரும் உள்ளன. 1942 ஏப்ரல் 9இல் திருகோணமலை மீது ஜப்பானியர் குண்டு போட்ட அன்றே மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் கப்பலில் இறந்த மாலுமிகளுக்கோ கல்லறை இல்லை. போர்ட்ஸ்மவுத், பிளிமவுத், சதாம் ஆகிய மூன்று துறைகளிலுமுள்ள நினைவுத்தூண்களில்தான் அத்தகையோரின் பெயர்கள் இருக்கும். எந்தத் தூணில் பெயர் இருக்கிறதோ, அந்தத் துறையைச் சேர்ந்தவராக அவர் பதியப்பட்டிருந்தார் என்பது பொருள்.

கேள்வி: என் மகள் பேர்மிங்காமில் வாழ்கிறாள். மருமகன் ஆங்கிலேயர்; அவருடைய முன்னோர் டட்லி என்ற ஊரில் ஆணி அடித்தவர்களாம். பேரப்பிள்ளைக்கு இரண்டு பக்கத்து வரலாறும் எழுதி வைக்க ஆசைப்படுகிறேன். ஆணி அடித்தவர்களுக்கு ஏது வரலாறு என்று மருமகனே சிரிக்கிறார்.
– அம்மம்மா ஒருவர், திருகோணமலை நகர்.

பதில்: மருமகன் சிரிக்கட்டும், நீங்கள் எழுதுங்கள். இங்கிலாந்தில் எந்தத் தொழிலாளர் குடும்பத்தையும்விட ஆணிக்காரரைப் பின்தொடர்வது சுவையானது, ஏனெனில் அது வீட்டோடு நடந்த தொழில். வீட்டின் பின்புறத்தில் சிறிய உலை. அதில் தகப்பன், தாய், ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் எல்லோரும் சுத்தியல் பிடித்தார்கள். முதலாளி அல்லது ‘பொகர்’ எனப்பட்ட தரகன் இரும்புக் கம்பியை நிறுத்துக் கொடுப்பான், அடித்த ஆணியை நிறுத்து வாங்குவான்; பல தரகர் காசுக்குப் பதிலாகத் தம் கடைச் சாமான்களையே கூலியாகத் தள்ளிவிட்டார்கள். இலையும் தூளும் நிறுத்துக் கொடுத்து, சுற்றிய பீடியை எண்ணி வாங்கும் வேலையைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே படியளந்தவர் கணக்கேடு வைத்துக் காப்பகத்தில் ஒப்படைக்கிற ஆளல்லர். ஆகவே சம்பள ஏட்டைத் தேடிக் காலத்தைப் போக்காமல் வேறு மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, குடிசன மதிப்பீடு. ஆணித்தொழிலில் மனைவிக்கும் மகளுக்கும் தொழில் நிரலில் ‘நெய்லர்’ என்றே எழுதியிருப்பது சாதாரணம். வேறு தொழில்களில் பெண்ணின் உழைப்பை எழுதாமல் விட்ட அதிகாரிகளால் இங்கே அதை மறைக்க முடியவில்லை. இரண்டு, சிற்றாலயங்களின் ஏடுகள். அப்பகுதித் தொழிலாளரில் ஏராளமானோர் மெதடிஸ்தர், அவர்களுடைய ஞானஸ்நானம் அரச திருச்சபையின் பதிவேட்டில் இல்லாமல் இருக்கலாம். 1837ஐ ஒட்டி அரசு சேகரித்த அத்தகைய ஏடுகள் கியூவில் ‘ஆர்ஜி 4’ என்ற தொடரில் உள்ளன. மெதடிஸ்த ஊழியர்கள் 1814இல் இலங்கைக்கு வந்தவர்கள் என்பதால், திருகோணமலை மெதடிஸ்த சபையினருக்கு அந்த ஏடுகளின் அமைப்பு பழகியதாகவே இருக்கும். மூன்று, 1840களின் தொடக்கத்தில் நாடாளுமன்றம் வெளியிட்ட சிறுவர் வேலை ஆணைக்குழு அறிக்கைகள். ஆணி அடித்த பிள்ளைகளிடமே கேட்டு எழுதிய சாட்சியங்கள் அவற்றில் உள்ளன. மருமகனின் குடும்பப்பெயர் அதில் அகப்படாவிட்டாலும், பக்கத்து உலையில் நின்ற பிள்ளை சொன்னது உங்கள் பேரனுக்குப் போதும்.

டட்லியைத் தேடுபவர்களை அலைக்கழிப்பது வேறொரு காரியம். அந்நகரம் 1966 வரை வூஸ்டர்ஷயர் மாவட்டத்துக்கு உரியது. ஆனால் அதைச் சுற்றியிருந்த நிலம் ஸ்டபோர்ட்ஷயர் மாவட்டம். நாற்புறமும் வேறு மாவட்டம் சூழ்ந்த தீவுபோல அது நின்றது. ஆகவே தெருவைக் கடந்து மணம் முடித்தவரின் பதிவு வேறொரு மாவட்டக் காப்பகத்தில் இருக்கலாம்; இரண்டிலும் தேடாமல் ‘இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள்.

இயந்திர ஆணி பெருகிய பின் இத்தொழில் நலிந்தது. பல குடும்பங்கள் அருகிலுள்ள கிரேட்லி ஹீத் பக்கம் சங்கிலி அடிக்கப் போயின. 1910இல் அங்கே சங்கிலி அடித்த பெண்கள் தொழிற்சங்கத் தலைவி மேரி மக்காதர் தலைமையில் பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்து, மணிக்கு இரண்டரைப் பென்ஸ் என்ற குறைந்தபட்சக் கூலியைப் பெற்றார்கள். மருமகனின் பூட்டியார் அக்காலத்தில் அங்கே இருந்தாரா என்று 1911 மதிப்பீட்டில் பாருங்கள். இருந்திருந்தால் மருமகன் சிரிப்பதை நிறுத்திவிடுவார்.

கேள்வி: எங்கள் ஆங்கிலேய மூதாதையரின் பெயரை இணையத்தில் இட்டவுடன் 1300ஆம் ஆண்டு வரை செல்லும் வம்சமரம் வந்தது. மேலே ஒரு பிரபுவும் இருக்கிறார். நம்பலாமா?
– வாசகர், கிண்ணியா.

பதில்: நம்ப வேண்டாம். கோயிற்பற்றுப் பதிவேடே 1538இல் தொடங்குகிறது. அதன் முதல் நூறாண்டு ஏடுகள் பல ஊர்களில் எஞ்சவுமில்லை. நிலமற்ற ஒரு தொழிலாளர் குடும்பத்தை 1700வரை கொண்டுசெல்வதே நல்ல வேலை, 1600வரை போனால் அது பெரும் பேறு. நீங்கள் அனுப்பிய மரத்தில் ஒருவர் தன் தாயாருக்கு ஒன்பது வயதாயிருக்கும்போது பிறந்திருக்கிறார். இன்னொருவர் இறந்து நான்காண்டின் பின் மணம் செய்திருக்கிறார். பெயர் பொருந்தியவுடன் எவரோ ஒருவர் ஒட்ட, மற்றவர்கள் பிரதி செய்ததன் விளைவு அது. மரத்தின் அடிக்கிளைகளில் 1881 வரையுள்ளவை சரியாக இருக்கக்கூடும்; அவற்றையும் மூலக் காகிதத்தோடு ஒப்பிட்ட பின்பே வைத்துக்கொண்டு, மேலே உள்ளதை வெட்டிவிடுங்கள். குடும்பச் சின்னம் விற்கும் நிறுவனங்களுக்கும் பணம் அனுப்பாதீர்கள். ஆங்கிலேய வழக்கில் சின்னம் தனி ஒருவருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரியது, ஒரே பெயருள்ள எல்லோருக்கும் உரியதன்று.

கேள்வி: எங்கள் பூட்டனாரின் இங்கிலாந்துப் பிறப்புப் பத்திரத்தில் பிறந்த நாளோடு ‘காலை 4.20’ என்று நேரமும் எழுதியிருக்கிறது. அம்மா உடனே சாதகம் கணிக்கக் கொடுத்துவிட்டார். அவர்களும் நேரம் பார்ப்பார்களா?
– வாசகி, மூன்றாம் கட்டை.

பதில்: சாதகம் கணித்ததில் தவறில்லை; ஆனால் பதிவாளர் அதற்காக நேரம் குறிக்கவில்லை. ஸ்கொட்லாந்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நேரம் எழுதுவார்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் பொதுவாக ஒரே பேற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பிறந்தால்தான், எவர் மூத்தவர் என்று தெரிவதற்காக நேரத்தைக் குறிப்பார்கள். உங்கள் பூட்டனாருக்கு இரட்டைப் பிள்ளையாக ஒரு சகோதரனோ சகோதரியோ இருந்திருக்க வேண்டும். பிறப்பு அட்டவணையில் அதே காலாண்டில், அதே மாவட்டத்தில், அதே குடும்பப்பெயரில், அதே பாக எண்ணும் பக்க எண்ணும் கொண்ட இன்னொரு பெயரைப் பாருங்கள். பக்கம் முடிந்திருந்தால் அடுத்த பக்க எண்ணிலும் இருக்கலாம். கண்டதும் மரண அட்டவணையையும் பார்த்துவிடுங்கள். அந்தப் பிள்ளை சிறுவயதிலேயே இறந்ததா என்பது அதில் தெரியவரும்.